குறி வைக்காத நாகு

காலை ஆறரைக்குக் கரடியனாற்றுப் பால் நிலையத்தைத் திறப்பேன்.
ஏழு மணிக்குள் பதினேழு மோட்டார் சைக்கிள்.
ஒவ்வொரு கானிலும் பால்மானியை விட்டு
அது சொல்லும் எண்ணை எழுதுவது என் வேலை.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
சிலருக்கு இருபத்திரண்டு.
அவர்கள் அன்றைக்கு மழையைப் பற்றி அதிகம் பேசுவார்கள்.

அருமைத்துரை எதைப் பற்றியும் பேசுவதில்லை.
மூன்று வருசமாய் அவருக்கு இருபத்தொன்பது.
பெற்றோல் டாங்கியின் மேல் மகள் கிதுர்ஷா,
வெள்ளைச் சட்டை, ஒரு பின்னல் காதுக்கு மேலே
மற்றது தோளுக்குக் கீழே.
தகப்பன் பின்னிய தலை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கானில் இருபத்தொன்று.
வரிசையில் ஒருவன் சிரித்தான்:
"துரையின்ட மாடும் வாய்க்கால்ல இறங்கிட்டுப் போல."
அவர் பால்மானியைப் பார்த்தார், பிறகு தன் செருப்பை.
பிள்ளையின் காது மட்டும் சிவந்தது.
"நான்தான் அன்ரி. தட்டுப்பட்டு ஊத்துண்டிட்டு.
அப்பா கவலைப்படுவாரெண்டு தண்ணி விட்டன்."

இருபத்தொன்று என்றுதான் எழுதினேன்.
காசும் குறைத்தேன்.
பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு
இரண்டு பின்னலையும் அவிழ்த்துப் பின்னினேன்.
முடியெல்லாம் பட்டி மூட்டத்தின் புகை.

அடுத்த நாள் ஒரு சட்டி எருமைத் தயிர்.
"இது கணக்கில சேராது" என்றார்.
"பிழையா எழுதச் சொல்லியா?"
"இல்ல கா. சரியா எழுதினதுக்கு."

மகன் டிலுக்சனுக்குப் பதினொரு வயது.
அவனுடைய அப்பா தோஹாவிலிருந்து
இரண்டு வருசம் காசு அனுப்பினார்,
மூன்றாம் வருசம் ஒரு படம்.
படத்தில் அவர் மடியில் வேறு யாரோ பிள்ளை.
அரிசி டின்னுக்கு அடியில் கிடக்கிறது அது.
எரிக்க நேரம் கிடைக்கவில்லை.
அருமைத்துரை தன் கதையை மூன்று சொல்லில் முடித்தார்:
"அம்புலன்ஸ் பிந்தி வந்தது."

மாரி விதைப்புக்கு வயல் மூட,
மாடெல்லாம் காட்டுப் பக்கம் சாய்ந்தன.
பள்ளிக்கூடம் இருக்கிற நாளில்
பிள்ளை என்னட்ட நிக்கட்டும் என்றேன்.
சொல்லி முடிந்த பிறகுதான்
என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது.
ஊருக்கு அதற்கு முன்பே விளங்கியிருந்தது.

டிலுக்சன் மேசையின் நடுவே சோக்கால் கோடு போட்டான்.
அவள் அந்தக் கோட்டின் மேல் கொப்பியை வைத்தாள்.
ஒரு கிழமை இருவரும் பேசவில்லை.
பிறகு ஒரு கணக்கில் அவன் பிழைவிட,
அவள் அழிறப்பரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உருட்டினாள்.

அறுவடை முடிந்து மாடுகள் வந்தன.
குறிசுடும் நாள். நாலுபேருமாய்ப் பட்டியில்.
கம்பி சிவந்து கிடக்கிறது, மயிர் கருகும் மணம்.
எல்லாம் சுட்டு ஒரு நாகு மட்டும் மிச்சம்.
யானை வந்த இரவில்
டிலுக்சன் டோர்ச் பிடித்து நிற்கப் பிறந்தது அது.
கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு
அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்:
"இதுக்கு ஆர்ட குறி வைக்க?"

அவர் கேட்டது மாட்டைப் பற்றி இல்லை.
எனக்கு நாக்கு எழும்பவில்லை.

"ஒண்டும் வேணாம், அதுக்கு நோகும்" என்றான் மகன்.
"குறியில்லாட்டி ஆரும் பிடிச்சிப் போவான், மனே."
"நாம நாலு பேர் இருக்கம்தானே, பாக்க,"
கிதுர்ஷா கயிற்றை அவிழ்த்தபடி.

கம்பி தண்ணீர் வாளிக்குள் போய்ச் சத்தமிட்டது.
அரை லீற்றர் பிசகினாலும் வெட்டி எழுதுகிறவள் நான்,
அவள் சொன்ன எண்ணைத் திருத்தவில்லை.

மோட்டார் சைக்கிளில் நாலு பேர் ஏற இடமில்லை.
பிள்ளைகளை முதலில் கொண்டுபோனார்.
"இப்ப வாறன்" என்றார்.
இருட்டத் தொடங்கியது.
நாகு வந்து
என் உள்ளங்கை உப்பை நக்கிக்கொண்டிருந்தது.
தூரத்தில், வாய்க்கால் கட்டில்,
ஒற்றை வெளிச்சம் திரும்பியது.